அலை இல்லாத இடம்

தேனிலவுக்கு நான் மாமனாரோடு போனேன்.

பயணத்தைப் பதிவு செய்தவள் என் மனைவி. கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கவில்லை. தள்ளிப்போட்ட தேனிலவு. அடுத்த வருஷ மழைக்காலமாகப் பார்த்துப் போட்டிருந்தாள். "கூட்டமே இருக்காது, பாரு" என்றாள். முகக்கண்ணாடி மாட்டி, வாயில் குழாயை வைத்து, குப்புற மிதந்து மீன் பார்க்க வேண்டும். அவள் திட்டம் அவ்வளவுதான். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது இறந்துபோனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் என்றார்கள். மழை இல்லை, கடல் இல்லை, பேருந்து இல்லை. எங்கள் வீட்டுக் கூடம். தரைகூட ஈரமாக இல்லை.

பயண நிறுவனத்துக்கு எழுதினேன். ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்கள். ரத்து செய்ய இயலாது, ஆனால் பயணியின் பெயரை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கடைசி வரியில், தங்கள் பயணம் இனிதே அமைய வாழ்த்துகள்.

நான் தனியாகவே போகிறேன் என்றேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அத்தை, என் மனைவியின் அம்மா, சமையலறையில் மாமாவிடம் ரகசியம் பேசினார். அத்தையின் ரகசியம் தெருமுனை வரை கேட்கும்.

"கடல் பக்கம் அவர தனியா விட்டா திரும்பி வரமாட்டாரு. நீங்க கூடப் போங்க. பொண்ணும் போயி மாப்பிள்ளையும் போனா என்னால தாங்க முடியாது."

அப்படியொரு திட்டம் எனக்கு இல்லை. திட்டம் என்று எதுவுமே இல்லை. திட்டம் போட ஒரு ஆர்வம் வேண்டும். ஆனால் இதை எப்படி விளக்குவது? "நான் சாகப் போகவில்லை" என்று ஒருவன் சமையலறை வாசலில் நின்று சொன்னால், அதற்குப் பிறகு அவனைக் கழிவறைக்குக்கூடத் தனியாக விடமாட்டார்கள். பெயரை மாற்றினோம். மனைவி இருந்த இடத்தில் மாமா வந்தார்.

மாமா லிஃப்ட் பரிசோதகர். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடினாலும் உள்ளே ஒட்டியிருக்கும் சான்றிதழில் அவருடைய கையெழுத்து இருக்கும். மணல் மூட்டைகளை ஏற்றி, இறக்கி, கம்பிவடத்தைத் தடவி, பிரேக்கின் சத்தத்தைக் கேட்டு, கடைசியில் தானே உள்ளே ஏறி மூன்று முறை குதிப்பார். அப்புறம்தான் கையெழுத்து. நான் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறேன். வயதைச் சொன்னால், இந்த வருஷம் நீங்கள் சாக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டுச் சொல்லும் பிரிவு. என் மனைவியின் வயதுக்கு அது மிகச் சின்ன எண். சின்ன எண் என்றாலும் அது யார் வீட்டுக்காவது போய்த்தானே ஆகவேண்டும்.

ஆக, பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட இரண்டு பேர் ஒரு தீவுக்குப் போனோம்.

விடுதியில் எங்களை வரவேற்ற பெண் ஒரே தம்ளரில் இரண்டு உறிஞ்சுகுழல் போட்டுப் பழச்சாறு கொடுத்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். கணினி சொன்னதையே நம்புவது என்று முடிவு செய்துகொண்டாள்.

"வாழ்த்துகள் சார்."

"எதுக்கும்மா?" என்றார் மாமா.

"ஹனிமூனுக்கு சார்."

மாமா பழச்சாற்றை என்னிடம் நீட்டினார். "நீங்க குடிங்க மாப்ள. எனக்கு சர்க்கரை."

அறையில் ஒரே கட்டில். மேலே ரோஜா இதழ்களை இதய வடிவில் கொட்டியிருந்தார்கள். அதன் நடுவில் துண்டுகளை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள் முத்தமிட்டுக்கொண்டிருந்தன. மாமா ஒரு அன்னத்தின் கழுத்தைப் பிடித்து உதறித் தலை துவட்டிக்கொண்டார். பிறகு பால்கனிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கம்பி ஆடியது. உடனே கதவைச் சாத்தி, தன் பெட்டியை அதற்கு முட்டுக்கொடுத்து வைத்தார்.

"காத்து வருது" என்றார்.

காற்று வரவில்லை. மழைதான் வந்தது. நாங்கள் இருந்தவரை நிற்கவே இல்லை. வரவேற்புப் பெண்ணிடம் கேட்டால், "இது மழை இல்ல சார், சும்மா தூறல்" என்பாள். கூரை இரைச்சலில் அதையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு.

தீவின் வரைபடம் ஒன்றையும் கொடுத்தாள். மீன் பார்க்கும் இடங்களில் எல்லாம் சிரிக்கும் மீன் ஒன்று வரைந்திருந்தது.

"இதுல எது பாதுகாப்பு?" என்றார் மாமா.

"எல்லாமே பாதுகாப்பு சார்."

"எல்லாமே பாதுகாப்புன்னா யாரும் செக் பண்ணலன்னு அர்த்தம்" என்று என் காதில் சொன்னார். ஒரு வருஷமாக அவர் முகத்தில் நான் பார்க்காத தெளிவு அப்போது வந்தது. செய்வதற்கு அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

முதல் இடம் விடுதிக்கு எதிரிலேயே. பக்கத்தில் ஒரு ஆறு கடலில் கலக்கிறது. மழையில் மலையே கரைந்து ஆற்றில் வந்துகொண்டிருந்தது. மாமா முழங்கை வரை தண்ணீரில் விட்டார்.

"என் கையே எனக்குத் தெரியல. ரிஜெக்ட்."

இரண்டாவது இடம் பாறைக்கரை. அலை பாறையில் மோதி எங்கள் குடை மேலேயே விழுந்தது. "ரிஜெக்ட்." மூன்றாவது இடத்தில் தண்ணீர் தெளிவு, அலையும் கம்மி. ஆனால் அந்தப் பக்கம் படகுகள் போயின. "குப்புறக் கெடக்கிறவன் தலைல படகு ஏறினா ஓட்டறவனுக்கே தெரியாது. ரிஜெக்ட்." இவை எல்லாம் நியாயமான காரணங்கள்தான். அடுத்த இடத்தைத் தென்னைமரத்தில் காய் இருக்கிறது என்று தள்ளினார். அதற்கடுத்ததைக் காரணமே சொல்லாமல்.

கடைசியில் அவருக்குப் பிடித்த இடம் கிடைத்தது. ஒரு பெரிய விடுதிக்காரர்கள் கடலில் கயிறு கட்டித் தடுத்த மூலை. முழங்கால் தண்ணீர். தரையெல்லாம் மணல். காவலுக்கு ஒருவர், அவருக்குக் கழுத்தில் விசில்.

"ஆகா! இதுதான் மாப்ள இடம். எறங்குங்க."

காவலரிடம் ஒரு முகக்கண்ணாடியை இரவல் வாங்கி, இறங்கிக் குப்புற மிதந்தேன். ஒரு பாட்டில் மூடியைப் பார்த்தேன். மாமாவின் கால்களைப் பார்த்தேன். என் தலைக்கு இரண்டு பக்கமும் தூண் மாதிரி ஊன்றி நின்றுகொண்டிருந்தார். இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. வேறொன்றும் இல்லை. மீனுக்கும் அறிவு இருக்கிறது, அது எதற்கு அங்கே வரப்போகிறது?

எழுந்தேன்.

"எப்படி?" என்றார்.

"உங்க கால் நல்லா தெரிஞ்சுது."

"தண்ணி அவ்வளவு சுத்தம்."

அறைக்குத் திரும்பும்போது நான் சொன்னேன்: "நாளைக்கு நான் தனியா போய்க்கிறேன் மாமா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் குடையைப் பிடித்தபடி நடுச்சாலையில் நின்றுவிட்டார். தனியா. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவரை அத்தை அனுப்பியிருந்தார்.

"தனியாவா?"

"மீனு பாக்கத்தான்."

"மீனுதான?"

"மீனுதான்."

"அப்ப மீன் இருக்கிற இடத்தையே பாப்போம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஆனா நான் செக் பண்ணாம நீங்க எறங்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். எனக்கு எதுவானாலும் ஒன்றுதான். ஒரு வருஷமாக நான் அதிகம் சொன்ன வார்த்தைகள் 'சரி', 'பரவால்ல'. சத்தியத்துக்கும் சரிதான்.

மறுநாள் காலை இரண்டு பேரும் முறைப்படி வேலையில் இறங்கினோம். நான் கைப்பேசியில், இந்தத் தீவுக்கு வந்துபோனவர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். ஒவ்வொரு கரையைப் பற்றியும் புகார் இருந்தது. ஒன்றில் காலைக் கிழித்துக்கொண்டார்கள். ஒன்றில் ஜெல்லிமீன் கொட்டியது. இன்னொன்றில் ஒருவருடைய சித்தப்பாவை நீரோட்டம் இழுத்துப்போய், அடுத்த கரையில் கோபமாக ஒதுக்கியது. மேற்குப் பக்கத்தில் ஒரு கரை. அதைப் பற்றி மட்டும் ஒரு புகார் இல்லை.

"விபத்தே இல்ல மாமா. ஒண்ணுகூட."

காப்பீட்டுப் பிரிவில் சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறான். அங்கே யாருமே போவதில்லை, அதனால்தான் விபத்தும் இல்லை என்பது அவன் மூளைக்கு எட்டவில்லை.

மாமா தன் பங்குக்கு அந்தக் கரையில் குடையோடு நின்று கடலை வெகுநேரம் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் பவளப்பாறைத் திட்டு, கரைக்கு ஒரு மதில் மாதிரி. இடது பக்கம் அலை அதில் மோதி வெள்ளையாக உடைந்தது. வலது பக்கமும் அப்படியே. நடுவில் மட்டும் ஒரு தெரு அகலத்துக்கு அலையே இல்லை. இழுத்துப் போர்த்திய படுக்கை விரிப்பு மாதிரி அமைதி.

"பாத்தீங்களா?" என்றார். "நடுவுல அதிர்வே இல்ல. எந்த மெஷினுக்கும் அதுதான் அடையாளம். ஆடலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. கல்யாண மண்டபம் பார்த்ததிலிருந்து எந்த விஷயத்திலும் நானும் மாமாவும் ஒத்துப்போனதில்லை. முதல்முறையாக ஒத்துப்போனோம். இரண்டு பக்கமும் மதிலைத் தாண்டி உள்ளே விழுகிற தண்ணீர் அத்தனையும் வெளியே போக வழி வேண்டும் அல்லவா? அந்த வழிதான் எங்கள் அமைதியான தெரு. தீவிலேயே மோசமான இடத்தை இரண்டு நிபுணர்கள் சேர்ந்து ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம்.

சாமான்களை வாடகைக்கு விடுகிறவரின் கடை சாலை ஓரத்தில் இருந்தது. கால்களை மேசை மேல் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவும் பையனுமா?"

"மாமனார், மருமகன்" என்றார் மாமா.

கடைக்காரர் எங்கள் கையிலிருந்த விடுதிச் சீட்டைப் படித்தார். "இதுல ஹனிமூன்னு போட்டிருக்கே?"

"ஆமா."

"ரெண்டு பேருக்கும் சேத்தா?"

"உங்களுக்கு என்ன வேணும் இப்ப?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். உங்களுக்கு என்ன வேணும்?"

"இந்த மழைல எங்க எறங்கினா பாதுகாப்பு?"

"ரூம்ல" என்றார் கடைக்காரர். சொல்லிவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே ரசித்துக் கொஞ்சநேரம் சிரித்தார். பிறகு இரண்டு முகக்கண்ணாடி, இரண்டு குழாய், இரண்டு மிதவைச் சட்டை எடுத்துக் கொடுத்தார்.

மேற்குக் கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மாமா ஒரு மிதவைச் சட்டையைப் போட்டார். வயிற்றுக்கு மேல் கொக்கி எட்டவில்லை. அதனால் இரண்டாவதை முன்பக்கமாகக் கவிழ்த்துப் போட்டு, இரண்டையும் வார்களால் இறுக்கிக்கொண்டார். பார்க்க, நடக்கும் சோபா மாதிரி இருந்தார்.

"அது என்னோடது மாமா."

"நீங்க இப்ப எறங்கலையே. சான்றிதழ் குடுக்கிறவன்தான் முதல்ல ஏறணும். அதான் எங்க டிபார்ட்மென்ட் வழக்கம். நான் வந்து குடுத்ததும் போட்டுக்கோங்க."

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"லிஃப்ட்ல மட்டும் பறக்கத் தெரிஞ்சா ஏறினேன்?"

நெற்றியில் கண்ணாடியோடு உள்ளே போனார். முழங்கால். இடுப்பு. மார்பு. அந்த அமைதியான தெருவின் நடுவில் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு குதித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது குதியில் கால் திரும்பத் தரையைத் தொடவில்லை.

நின்ற வாக்கிலேயே போனார். லிஃப்ட்டில் போகிறவர் மாதிரி, முகத்தை என் பக்கம் திருப்பியபடி, ஒரே சீராக. என்ன, இது பக்கவாட்டில் போகிற லிஃப்ட். கையைத் தூக்கினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார் என்று நினைத்து நானும் கையைத் தூக்கினேன். அப்புறம்தான் அவர் வாய் திறந்திருப்பதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. மழை இரைச்சல்.

நான் ஓடினேன். கண்ணாடியும் குழாயும் கையில் இருந்ததால் மாட்டிக்கொண்டேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. தண்ணீரில் விழுந்ததும் அது என்னையும் அதே வேகத்தில் கூட்டிப்போனது. நான் கொஞ்சம் கையை வீசினால் போதும் போல இருந்தது. கல்லூரியில் நீச்சல் குளம் இருந்தது. அகலவாக்கில் நீந்துவேன். நீளவாக்கில் முயன்றதில்லை.

முகம் தண்ணீருக்குள் இருந்தது. கண் திறந்திருந்தது. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. ரயில் ஜன்னலில் ஊர் போகிற மாதிரி அது தானாகப் போனது. இரண்டு பக்கமும் பவளச்சுவர். மஞ்சள் மீன்கள் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக, அலுவலகக் கவுன்டரில் வரிசை நிற்பவர்கள் மாதிரி, அசையாமல் நின்றன. நீலமாக ஒரு பெரிய மீன், கிளி மூக்கோடு, பாறையைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்கூடக் கேட்டது. மேலே நிமிர்ந்தால் மழை விழுகிற இடமெல்லாம் ஆணி இறக்குவது மாதிரிப் புள்ளிகள். கீழே மழை இல்லை.

பிறகு தோள் விட்டுப்போனது. குழாயில் தண்ணீர் ஏறி, ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய். மாமா எங்கோ பக்கத்தில்தான் இருந்தார், ஆனால் கை தூக்க வரவில்லை. அத்தை சொன்னது ஞாபகம் வந்தது. அவர் பயந்தது நடக்க நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. செய்துகொண்டிருப்பதை நிறுத்தினால் போதும். இவ்வளவு வசதியாக ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

கை போய் மாமாவின் மிதவைச் சட்டை வாரைப் பிடித்தது. பிடித்தது என்றால் சாதாரணப் பிடி இல்லை. அப்புறம் பார்த்தபோது உள்ளங்கையில் வார் பதிந்த தடம் இருந்தது.

"டேய்!" என்றார் மாமா. "விடாதடா! விட்டீன்னா கொன்னுடுவேன்டா உன்ன!"

கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னை 'நீங்க' என்பதைத் தவிர வேறு மாதிரி அழைக்காத மனிதர். நான் பெண் பார்க்கப் போன அன்று, "தம்பி, நீங்க காபி எடுத்துக்கோங்க" என்று சொன்னவர்.

"யோவ், காலை உதைக்காதய்யா!" என்றேன் நான். "சும்மா கெட! நீ மிதக்கற!"

"நீ மிதக்கறியா?"

"உன்னாலதான்யா மிதக்கறேன்!"

உண்மை அதுதான். அவர் இரண்டு சட்டைக்குள் இருந்தார். மூழ்க ஆசைப்பட்டாலும் முடியாது. நான் காப்பாற்றப் போன ஆள் என்னைத் தாங்கிக்கொண்டு போனார். திட்டைத் தாண்டியதும் இழுப்பு சட்டென்று விட்டது. கடலுக்கு எங்கள் மேல் அதற்குமேல் ஆர்வம் இல்லை. நான் அவரைப் பிடித்தபடி காலை அடித்தேன். பக்கவாட்டில், அலை உடைகிற பக்கமாக. நாங்கள் இருவரும் ஆபத்து என்று தள்ளிய அந்த அலைதான் எங்களைத் தூக்கி, பாறைமேல் தேய்த்து, கரையில் கொண்டுபோய்க் கொட்டியது. என் முழங்கால் இரண்டும் கிழிந்தன. மாமாவின் சட்டைப் பொத்தான் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மணலில் உட்கார்ந்து இருமினோம். பிறகு நான் கத்த ஆரம்பித்தேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? குதிக்கிறதுக்கு அது என்ன லிஃப்டா? உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா அத்தைக்கு நான் என்ன பதில் சொல்றது? எத்தன பேர நான்..."

அதற்குமேல் வரவில்லை. அந்த இடத்தில் மறுபடி இருமல் வந்தது, இருமல் என்றே வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுகிற மாதிரி.

மாமா கேட்டுக்கொண்டிருந்தார். திட்டு வாங்குகிற ஆள் மாதிரியே இல்லை. பரிசோதனையில் பிரேக் சத்தம் கேட்கும்போது இப்படித்தான் தலையைச் சாய்த்துக்கொள்வாராயிருக்கும்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"இல்ல."

"சரி, மிச்சத்தையும் திட்டுங்க மாப்ள."

'மாப்ள', 'திட்டுங்க'. மரியாதை திரும்பிவிட்டது. அதற்குமேல் எனக்கு வாயில் திட்டு வரவில்லை.

காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "உள்ள ஏதாவது தெரிஞ்சுதா?"

"நீங்க பாக்கலையா?"

"கண்ண இறுக்க மூடிட்டிருந்தேன்."

"கண்ணாடி?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அது அங்கே இல்லை. கடல் எடுத்துக்கொண்டது.

"சொல்லுங்க" என்றார். "அவ பாக்கணும்னு சொன்னதெல்லாம் இருந்துச்சா?"

சொன்னேன். மஞ்சள் மீன் வரிசையைச் சொன்னேன். எந்தப் பக்கம் பார்த்து நின்றன, எவ்வளவு நெருக்கமாக என்று விசாரித்தார். பவளச்சுவரில் விரிசல் இருந்ததா என்றார். மழை கீழிருந்து எப்படித் தெரிந்தது என்று சொன்னபோது மட்டும் குறுக்கே பேசவில்லை. நான் பேசிக்கொண்டே போனேன். எழுந்து விடுதிப் பக்கம் நடந்துகொண்டே பேசினேன். மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. ஒரு வருஷத்தில் யாரிடமும் நான் இவ்வளவு பேசியதில்லை.

"அப்புறம் நீலமா ஒண்ணு. கிளி மூக்கு."

"மூக்கா? மீனுக்கா?"

"ஆமா. கிளிக்கு இருக்கிற மாதிரியே. அதால பாறையக் கடிக்குது."

"பாறைய எதுக்கு மாப்ள கடிக்குது?"

"எனக்கு எப்படித் தெரியும்? கடிக்குது."

"கண்ணாடிக்குள்ள தண்ணி போயிருக்கும். அதான் அப்படித் தெரிஞ்சிருக்கும்."

"மாமா, நான் கண்ணால பாத்தேன்."

"மீனுக்கு மூக்குன்னு நான் கேள்விப்பட்டதே இல்ல."

நடுச்சாலையில் நின்றேன். ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி வளைத்து மூக்கின் மேல் வைத்தேன். கழுத்தை முன்னால் நீட்டி, கறுக் கறுக்கென்று சத்தத்தோடு கடித்துக் காட்டினேன். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்றுவிட்டார்.

மாமா என்னைத் தீர்க்கமாகப் பார்த்தார்.

"புரியல" என்றார். "இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க."

காட்டினேன்.